வந்தது சிவப்புக் குருவி இல்லை

"கையைத் தூக்கும்மா," என்றாள் டார்லா.

ஆர்டித் தூக்கவில்லை. உள்பாவாடையோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு உடையை அம்மாவின் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தபடி நின்ற டார்லாவுக்குத் தோள்பட்டை கடுத்தது.

"அது என்ன பறவைன்னு முதல்ல சொல்லு."

"சர்ச்சுக்குப் போயிட்டு வந்து சொல்றேன்."

"அடக்கம் பண்ணிட்டு வந்த பிறகு தெரிஞ்சு என்ன பண்றது? ஊறுகாய் போடறதா?"

டார்லா உடையைக் கட்டிலில் போட்டாள். முந்தாநாள் காலை அப்பா வென்டெல் இந்த அறையில்தான் இறந்துபோனார். அந்த நேரம் பக்கத்தில் இருந்தது அம்மா மட்டும். மூச்சு நின்றபோது ஜன்னல் விளிம்பில் ஒரு பறவை உட்கார்ந்திருந்ததாம். கறுப்பு உடம்பு, நீலத் தலை. உள்ளே எட்டிப் பார்த்ததாம், பறந்துவிட்டதாம்.

இதே பறவை சிவப்பாக இருந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. சாவு நடந்த வீட்டு ஜன்னலுக்குச் சிவப்புக் குருவி வந்தால், போனவர் விடைபெற வந்திருக்கிறார் என்பது ஒஹாயோவின் அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அதைக் கோப்பையில் அச்சடித்து விற்கிறார்கள். நேற்று முழுக்கச் சிவப்புக் குருவி போட்ட தலையணை, சிவப்புக் குருவி தொங்கும் காற்றுமணி, சிவப்புக் குருவிப் போர்வை என்று வந்துகொண்டே இருந்தன. கூடவே, உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு அடுப்பில் வேகவைத்த சாப்பாட்டோடு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த கண்ணாடித் தட்டுகள். அடியில் யார் வீட்டுத் தட்டு என்று பெயர் எழுதி ஒட்டியவை. சமையலறையில் கை வைக்க இடம் இல்லை. துணி துவைக்கும் மெஷின் மேல்கூட இரண்டு இருந்தன.

"கண்டுபிடிச்சுட்டேன்," என்று சொல்லிக்கொண்டே நெவா அத்தை உள்ளே வந்தாள். அப்பாவின் தங்கை. வரவேற்பறை அலமாரியிலிருந்த பறவைப் புத்தகத்தை விரல் வைத்துப் பிரித்துப் பிடித்திருந்தாள். "பாரு ஆர்டித். அவுரி நிறக் குருவி. தலையைப் பாரு, எவ்வளவு அழகான நீலம்."

ஆர்டித் கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். "இது உடம்பெல்லாம் நீலம்."

"நிழல்ல கறுப்பாத் தெரியும்னு போட்டிருக்கான்."

"இது எவ்வளவு பெருசு இருக்கும்?"

நெவா கட்டை விரலைக் காட்டினாள். பிறகு ஆள்காட்டி விரலையும் சேர்த்துக்கொண்டாள்.

"நான் பார்த்தது சோளக்கதிர் நீளம்," என்றாள் ஆர்டித்.

"துக்கத்துல சின்னது பெருசாத்தான் தெரியும்."

"அத்தை," என்றாள் டார்லா, "துக்கத்துல குருவி காக்கா அளவுக்கு ஊதாது."

"நீ சும்மா இருடி. நீ பார்த்தியா? நீ காபி போடப் போயிருந்த."

இந்தக் காபிக் கதையை அம்மாதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். 'ராத்திரி பூரா உக்காந்திருந்தா பாவம், அப்பத்தான் காபி போட எழுந்து போனா.' கேட்டவர்கள் டார்லாவின் கையைத் தட்டிக்கொடுத்தார்கள். டார்லாவும் மறுக்கவில்லை.

நடந்தது வேறு. தோட்டத்து ஸ்ப்ரூஸ் மரங்களில் கிராக்கிள் என்கிற, காக்கை போன்ற கறுப்புப் பறவைகள் கூடு கட்டியிருந்தன. துருப்பிடித்த கேட்டை யாரோ ஓயாமல் திறந்து மூடுவது போல விடிவதற்கு முன்பே கத்தத் தொடங்கிவிடும். குஞ்சுகளின் எச்சத்தை வெள்ளைப் பொட்டலமாகக் கொத்திக் கொண்டுவந்து, சின்னக் குருவிகள் குளிப்பதற்கென்று அப்பா வைத்திருந்த சிமென்ட் தொட்டியில் போடும். தானியக் கிடங்கில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அந்தச் சாதியோடு அப்பாவுக்குத் தீராத பகை. கடைசி வாரம் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு அவர் பேசிய பேச்செல்லாம் அதுதான். மகள் இண்டியானாபோலிஸிலிருந்து லீவு போட்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கிடையாது. 'மறுபடியும் போட்டுட்டான் பாரு. அந்தத் தொட்டியைப் பாரு.' தண்ணீரை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் அதே.

முந்தாநாள் காலை டார்லாவுக்குப் பொறுமை போய்விட்டது. பாத்திர மூடி ஒன்றையும் மரக்கரண்டியையும் எடுத்துக்கொண்டு, இரவு உடையோடு தோட்டத்துக்குப் போய்த் தட்டினாள். சர்ச்சில் சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே தட்டினாள். மரங்களிலிருந்து கூட்டம் நாலா பக்கமும் கலைந்தது. திரும்பி வந்தபோது அம்மா அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்திருந்தது.

அப்பா கடைசியாகக் கேட்டது அந்தத் தகரச் சத்தம். அது போதாதென்று, மூடிச் சத்தத்துக்குப் பயந்து ஜன்னலில் ஒதுங்கிய பறவையை அப்பாவின் ஆவி என்று வீடே தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது.

போன் அடித்தது. நெவா எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். சர்ச் பாஸ்டர்.

"ஆர்டித் அம்மா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். பிரசங்கத்துல அந்தப் பறவையைச் சொல்லலாம்னு இருக்கேன். ஆனா என்ன பறவைன்னு போடறது?"

"பார்த்துக்கிட்டே இருக்கோம் பாஸ்டர்," என்றாள் நெவா.

"சிவப்புக் குருவின்னா ஜனங்களுக்குச் சட்டுனு புரியும். இதுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்லணும். சிவப்பு கொஞ்சமாவது இருந்துச்சா? றெக்கை ஓரத்துல?"

"ஒரு பொட்டு இல்லை," என்றாள் ஆர்டித்.

"அவுரி நிறக் குருவின்னு எழுதிக்குங்க," என்று சொல்லி நெவா போனை வைத்தாள்.

"நான் இன்னும் சரின்னு சொல்லலையே," என்றாள் ஆர்டித்.

டார்லா அம்மாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதை முடிக்காமல் அந்த உடை உள்ளே ஏறாது என்று தெரிந்துவிட்டது.

"கண்ணு என்ன நிறம்மா?"

"மஞ்சள். பித்தளைப் பொத்தான் மாதிரி."

"வால்?"

"நீளம்."

"தட்டையா, நடுவுல மடிஞ்ச மாதிரியா?"

"மடிஞ்ச மாதிரி."

"ஜன்னல்ல தத்துச்சா, நடந்துச்சா?"

ஆர்டித் யோசித்தாள். "நடந்துச்சு. கடன் வசூலிக்க வந்தவன் மாதிரி நடந்துச்சு."

"கிராக்கிள்," என்றாள் டார்லா.

நெவா புத்தகத்தைப் படீரென்று மூடினாள். "என் அண்ணன் கிராக்கிளா வரமாட்டான்."

"வந்தது அப்பான்னு நான் சொல்லல அத்தை. வந்தது கிராக்கிள்னு சொன்னேன்."

"வாழ்நாள் பூரா அதுங்களைத் திட்டினவன். செத்த உடனே அதுங்க கூட்டத்துலயே போய்ச் சேருவானா? கட்சி மாறின ஆளா அவன்? ஓட்டுகூட ஒரே பக்கம்தான் போட்டான்."

வாசல் மணி அடித்தது. இன்னொரு கண்ணாடித் தட்டாக இருக்கும். நெவா போனாள். "உங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்தே பார்வை சரியில்லை," என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

அறையில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். வெளியே துருப்பிடித்த கேட் திறந்து மூடுகிற சத்தம். அங்கே கேட்டே கிடையாது.

"அம்மா, அது நான் விரட்டினது. மூடியைத் தட்டினேன், எல்லாம் பறந்துச்சு, ஒண்ணு இந்தப் பக்கம் ஒதுங்கிச்சு. அவ்வளவுதான் விஷயம். நான் காபி போடப் போகலை."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"காபி போட்டா வாசனை வராதா? அந்த மூடிச் சத்தம் அடுத்த பண்ணை வரைக்கும் கேட்டிருக்கும். அதுக்கு மேல உன் வாய்."

"அப்புறம் எதுக்குக் காபின்னு சொன்ன?"

"வேற என்ன சொல்றது? அப்பன் சாகறப்ப மக தோட்டத்துல நைட்டியோட நின்னு பறவைங்களோட அம்மாவைத் திட்டிக்கிட்டிருந்தான்னு சொல்லவா?"

டார்லா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். கேட்க வேண்டியதைக் கேட்காமல் இரண்டு நாள் ஓட்டியாகிவிட்டது.

"அவருக்குக் கேட்டுச்சா?"

ஆர்டித் உள்பாவாடையின் ஓரத்தை நீவினாள். நீவின இடத்தையே மறுபடி நீவினாள்.

"கேட்டுச்சு."

"ஏதாவது சொன்னாரா?"

"பாஸ்டர்கிட்டதான் சொன்னேனே. எல்லாரையும் பார்த்துக்கோன்னு சொன்னார்னு."

"அது பாஸ்டருக்கு. எனக்குச் சொல்லு."

"வேண்டாம் டார்லா."

"சொல்லும்மா."

"'யாரது'ன்னார். டார்லான்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தார். அப்புறம், 'அலுமினிய மூடி எதுக்கு ஆகும், இரும்புச் சட்டியை எடுத்துத் தட்டச் சொல்லு'ன்னார். சரி சொல்றேன்னு உன்னைக் கூப்பிட ஜன்னல் பக்கம் திரும்பினேன். அது உக்காந்திருந்தது. திரும்பி அவரைப் பார்க்கறேன், மூச்சு இல்லை."

டார்லா எழுந்தாள். எழுந்தது எதற்கு என்று தெரியவில்லை. அலமாரிக் கதவைத் திறந்து மூடினாள்.

"போறப்பகூடத் தப்பு கண்டுபிடிச்சுட்டுத்தான் போயிருக்கார்," என்றாள்.

"அதனாலதான் சொல்லலை."

"கார் ஓட்டினா தப்பு. புல்லு வெட்டினா தப்பு. ரெண்டு தடவை கல்யாணம் பண்ணேன், ரெண்டும் தப்பு, அது சரி. மூடியைத் தட்டறதுலகூடவா?"

"அறுபது வருஷம் கூட இருந்தேன். கடைசியா சட்டியைப் பத்திப் பேசிட்டுப் போறார். அதைப் பாஸ்டரை மைக்ல சொல்லச் சொல்ல முடியுமா? சரி, வந்த பறவையாவது நல்ல பறவையா இருக்கட்டும்னு பார்த்தேன். எனக்கு மட்டும் கிராக்கிள் தெரியாதா? எத்தனை வருஷம் அந்தத் தொட்டியை நான் கழுவியிருக்கேன். யாராவது அது கிராக்கிள் இல்லைன்னு சொல்லுவாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"அத்தை சொன்னாங்களே."

"அவ கட்டை விரலைக் காட்டறா."

டார்லாவுக்குச் சிரிப்பு வந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் கிடந்த உடையை எடுத்து விரித்தாள். அம்மா மெல்ல இரண்டு கைகளையும் தூக்கினாள். உடை உள்ளே இறங்கியது. பின்பக்க ஜிப்பை டார்லா நெடுநேரம் இழுத்துக்கொண்டிருந்தாள். ஆர்டித் திரும்பிப் பார்க்கவில்லை.

சர்ச் நிறைந்திருந்தது. பாஸ்டர் வென்டெலின் உழைப்பைச் சொன்னார், நேர்மையைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவர் நம்மை விட்டுப் பிரிந்த அந்த நேரத்தில் ஜன்னலில் ஒரு சிறிய விருந்தாளி வந்திருந்ததாம். நீலத் தலை கொண்ட அழகிய—"

தாளைப் பார்த்தார். நெவா முதல் வரிசையிலிருந்து உதட்டை அசைத்துக் காட்டினாள்.

"கிராக்கிள்," என்றாள் ஆர்டித்.

பாஸ்டர் குனிந்தார். "என்ன சொன்னீங்க?"

"கிராக்கிள், பாஸ்டர். நல்லாப் பார்த்தேன். டார்லா தோட்டத்துல அதுங்களை விரட்டிக்கிட்டிருந்தா, அவங்கப்பாவுக்காக. அதுல ஒண்ணு."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை, அடக்கிய சிரிப்பு. இன்னொருவரும் அதே போல இருமினார். பாஸ்டர் ஒரு பக்கத்தைத் திருப்பினார், இன்னொரு பக்கத்தையும் திருப்பினார், பிறகு எல்லோரும் எழுந்து பாடலாம் என்றார். நெவா பாடவில்லை.

அடக்கம் முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட், பச்சை நிற ஜெல்லி. ஒரு மூலையில் நெவா இரண்டு பெண்களைப் பிடித்துவைத்து அவுரி நிறக் குருவியை விளக்கிக்கொண்டிருந்தாள். டார்லா காகிதத் தட்டோடு சுவர் ஓரமாக நின்றாள். பெண்கள் வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். ஆண்களுக்குத்தான் எப்போதும் என்ன பேசுவதென்று தெரியாது. நேற்று உடல் பார்க்க வந்தபோதும் வரிசையில் நின்று கையைக் குலுக்கிவிட்டுத் தரையைப் பார்த்தபடி நகர்ந்தவர்கள்.

இன்று ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"குருவித் தீனிக்குக் குசும்பா விதை போட்டுப் பாரு. அதைக் கிராக்கிளுங்க தொடாது."

"சரிங்க," என்றாள் டார்லா.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போன இடத்தில் இன்னொருவர் வந்து நின்றார்.

"விதையெல்லாம் பிரயோஜனம் இல்லை. அதுங்க குஞ்சு வளர்க்கற மே மாசம் பூரா தொட்டியைக் கவுத்து வெச்சிரணும். நான் வென்டெல்கிட்ட எத்தனையோ தடவை சொன்னேன்."

"கேட்டிருக்க மாட்டாரே."

"எங்க கேட்டான்? நீ யாருடா என் தொட்டியைக் கவுக்கச் சொல்றதுன்னான்." அவர் தன் கேக்கை வெறித்துப் பார்த்தார். "நல்ல தொட்டிதான், ஒண்ணும் சொல்றதுக்கில்லை."

மூன்றாவதாக வந்தவர் ஹார்லன். தானியக் கிடங்கில் அப்பாவோடு வேலை பார்த்தவர். ஆறடிக்கு மேல் உயரம். பழைய கோட் தோளில் இறுகிப் பிடித்திருந்தது.

"தூண்டில் நரம்பு," என்றார்.

"என்னது?"

"மீன் பிடிக்கற தூண்டில் நரம்பு. தொட்டிக்கு மேல குறுக்கே கட்டணும். சின்னக் குருவி உள்ள போகும், வரும். இவனுங்களுக்கு றெக்கையில படும், பிடிக்காது. வென்டெல்கிட்ட சொல்லணும் சொல்லணும்னே இருந்தேன்."

"எவ்வளவு இடைவெளி விட்டுக் கட்டணும்?"

ஹார்லன் தட்டையும் காபியையும் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கி விரித்துக் காட்டினார்.

"இவ்வளவு."

அந்த இடைவெளியைத் தானே ஒரு முறை பார்த்தார். திருப்தி இல்லை. ஒரு கையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

"இவ்வளவு போதும்."

புரிந்தது என்று டார்லா தலையாட்டினாள். அப்போதும் அவர் கைகளை இறக்கவில்லை.