பாய்மரத்துக்கு ஒரு கால்

"ஆடக்கூடாதுன்னுதானே நாலு போல்ட்டு வெச்சி..."

"ஆடணும் மேஸ்திரி. ஆடணும்னுதானே அன்னிக்கே தலப்பாடா அடிச்சிக்கினேன்..."

"ஆடுனா பிச்சிக்கினு போயிடும்மா. பத்து எச்.பி. மோட்டாரே இந்த மாதிரி தட்டு மேலதான் நிக்குது. உன் மரம் நிக்காதா?"

"மோட்டாரு ஒரே எடத்தப் பாத்துக்கினு நிக்கணும். பாய்மரம் திரும்பணும். ரெண்டும் ஒண்ணா?"

வேங்கடேசன் கையிலிருந்த ஸ்பேனரைப் பெஞ்சின் மேல் போட்டான். திண்டிவனத்தில் மரக்காணம் போகிற ரோட்டில் அவனுடைய லேத்துப் பட்டறை. சுற்றுவட்டக் கிணறுகளில் ஓடுகிற மோட்டார்களில் பாதி அவன் கை பட்டவை. இப்போது பெஞ்சின் மேல் இருந்தது ஓர் இரும்புத் தட்டு. நடுவில் குட்டையாக ஒரு குழாய், சுற்றிலும் அழகான வெல்டிங், பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. மரத்தைக் குழாய்க்குள் செருகி இறுக்கிவிட்டால் அசையாது. நல்ல வேலைதான். அதைத்தான் எதிரில் நின்ற லூர்துமேரி வேண்டாம் என்கிறாள்.

அவள் இடுப்பில் மீன் கூடை. கூடையில் மீன் இல்லை. வெளுத்துப் பொடிந்துபோன உலோகத் துண்டுகள் இருந்தன.

அவள் புருஷன் சவுரிராயன் ஒலக்கூர் பக்கத்து ஆள். கூலி வேலைக்குப் பிறந்த குடும்பம். மரக்காணத்துக்குத் தெற்கே கடற்கரையில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் காவலுக்குப் போனான். அவரிடம் ஒரு ரெட்டைப்படகு இருந்தது. ஒல்லியாக இரண்டு படகு, நடுவில் இரண்டையும் இணைக்கிற அலுமினியக் குழாய், அந்தக் குழாயின் மேல் பாய்மரம். ஊருக்குத் திரும்பும்போது அவர் அதை சவுரிராயனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். தூண்டில் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தான். உப்புக் காற்றில் பாய்மரத்தின் கால் அரித்துப்போனதும் படகு மணலில் கவிழ்ந்து கிடந்தது.

அங்கேதான் சிக்கல். மாசி மகத்துக்கு சாமியெல்லாம் கடலுக்கு வரும். கடலுக்குப் போக முடியாத படகு எதுவும் அன்றைக்குக் கரையில் கிடக்கக்கூடாது என்று குப்பத்துப் பெரியவர் மாரியப்ப நாட்டார் சொல்லிவிட்டார். அப்புறப்படுத்தினால் அந்த இடம் வேறு ஆளுக்கு. சவுரிராயன் வெளியூரான். ஒரு தடவை விட்ட இடம் திரும்பக் கிடைக்காது.

"மல்லாட்டச் செடி புடுங்கக் கூலிக்குப் போறதுக்கு எனக்கு வெக்கம் இல்ல மேஸ்திரி," என்றாள் லூர்துமேரி. "ஆனா அவரு கடலப் பாத்துட்டாரு. இனிமே வரப்புல நில்லுன்னா நிக்கமாட்டாரு."

"அது சரிம்மா. மரம் ஏன் திரும்பணும், அதச் சொல்லு."

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கமா மூஞ்சியத் திருப்பணும். இறுக்கிட்டா முறுக்கிக்கினு ஒடையும்."

"அப்ப விழாம எது புடிக்குது?"

"மூணு கம்பி. ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, முன்னால ஒண்ணு. காலு சும்மா உக்காந்துக்கினு இருக்கும்."

"சும்மா உக்காந்துக்கினு இருக்கறதுக்கு ஒரு காலு, அதுக்கு நான் ஒரு வாரம் வேல செய்யணும்."

"ஏன், உங்க வீட்ல யாரும் அப்பிடி உக்காரறதில்லியா?"

மோட்டாருக்காகக் காத்திருந்த ஒலக்கூர் விவசாயி பீடியோடு சிரித்துவிட்டார். வேங்கடேசன் சிரிக்கவில்லை. அவள் சட்டென்று கீழே குந்தினாள்.

"உங்க வீட்ல கேப்ப அரைக்கிற எந்திரக்கல்லு இருக்குதா?"

"இருக்குது."

"அடிக்கல்லு நடுவுல முளை இருக்குமே, மேல்கல்லு அதும்மேல எப்பிடி உக்காருது? இறுக்கமாவா?"

"இறுக்குனா கல்லு எப்பிடிச் சுத்தும்..." என்று ஆரம்பித்த வேங்கடேசன் பாதியில் நிறுத்திக்கொண்டான். தட்டை எடுத்துப் பார்த்தான், குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு அதைத் தூக்கிப் போய்ப் பழைய இரும்புக் குவியலில் வைத்தான். போடவில்லை, வைத்தான். ஒரு வாரத்து வேலை.

"முளைதான வேணும். மொதல்லயே முளைன்னு சொல்றதுக்கு இன்னா?"

"மொதல்ல நீங்க என்னப் பேச விட்டீங்களா?"

வேங்கடேசன் கூடையைக் கவிழ்த்து ஒவ்வொரு துண்டாகப் பார்க்க ஆரம்பித்தான். பக்கத்துக் கம்பிகளை மாட்டுகிற இரண்டு பட்டைகளை அவள் தனியாக ஒதுக்கினாள். "இது ரெண்டும் நல்லா இருக்குது. தொடச்சிக் குடுத்தா போதும்."

"யாரு சொன்னா நல்லா இருக்குதுன்னு?"

பட்டையைத் தேய்த்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டு எடுத்து, ஈரம் போகத் துடைத்து, மேலே சாக்பீஸைப் பூசினான். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெள்ளைக்கு நடுவில் முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு மெதுவாக ஊறி வந்தது. ஓட்டையிலிருந்து விளிம்பு வரைக்கும்.

"விரிசல்ல போன எண்ணெ வெளிய வருது," என்றான். "இத நம்பி மரத்த நட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

லூர்துமேரி அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பட்டையை நம்பித்தான் மழைக்காலம் முழுக்க அவள் புருஷன் கடலுக்குப் போய்வந்தான். சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வேங்கடேசன் பட்டறையைத் திறக்கவில்லை. விழுப்புரத்துக்கு பஸ் ஏறி, ஜங்ஷன் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, செத்துப்போன போர்வெல் மோட்டார் ஒன்றின் துருப்பிடிக்காத ஷாஃப்ட்டையும் கனமான ஒரு தகட்டையும் கொண்டுவந்தான். ஷாஃப்ட்டை அறுத்து, லேத்தில் கடைந்து, உச்சியை எலுமிச்சம்பழம் போல உருட்டினான். தகட்டில் இரண்டு புதுப் பட்டை வெட்டினான். கூடவே லாரி டியூபிலிருந்து ஒரு வட்டம்.

"ரப்பரு எதுக்கு?" என்று கேட்டாள், வாங்க வந்த லூர்துமேரி.

"உப்புத் தண்ணி போர்வெல்லுல பித்தளையும் இரும்பும் ஒண்ணா மாட்டுனா ஒண்ண ஒண்ணு தின்னுடும். உன் குழாயும் அலுமினியம், முளை வேற சாதி. தொடவிட்டா மறுபடியும் சுண்ணாம்பாப் போயிடும். நடுவுல ரப்பரு. போல்ட்டுக்கும் பெட்ரோல் டியூப நறுக்கிச் சட்ட போட்டுட்டேன்."

"போல்ட்டுக்குச் சட்ட." அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கூட்டுக்காரருக்கே நல்ல சட்ட ஒண்ணுதான் இருக்குது."

"குடு இங்க. இத நானே வந்து மாட்டறேன்."

"நாளைக்கு மகம். பஸ்ஸெல்லாம் கூட்டம்."

"அதனாலதான் இன்னிக்கே கெளம்பறேன்."

மகத்தன்று விடியும்போது வேங்கடேசன் படகுக்கு அடியில் படுத்திருந்தான். குப்பத்து ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். உதவவும் இல்லை, போகவும் இல்லை. வடக்கே தூரத்தில் மேளம் கேட்டது. சவுரிராயன் மரத்தைத் தோளில் நிமிர்த்த, லூர்துமேரி முன்கம்பியை இழுத்துக் கட்டினாள். மரம் முளையின் மேல் உட்கார்ந்தது. வேங்கடேசன் ஒரு விரலால் தள்ளினான். சத்தம் இல்லாமல் திரும்பியது. மறுபடி தள்ளினான். மறுபடி திரும்பியது. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து சவுரிராயன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

மாரியப்ப நாட்டார் வந்தார். "மரத்த நட்டுட்டா போதுமா சவுரி? அலையத் தாண்டிட்டு வா. சாமி வர்றதுக்குள்ள."

"போறேங்க. படகு கவிழாம பாரத்துக்கு இன்னொரு ஆளு வேணும்."

நாட்டார் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் மணலைப் பார்த்தது.

"நான் வர்றேன்," என்றான் வேங்கடேசன்.

"மேஸ்திரிக்கு நீச்ச தெரியுமா?" என்று கேட்டான் சவுரிராயன்.

"கெணத்துல தெரியும்."

"இது கொஞ்சம் பெரிய கெணறுங்க."

"மாட்டுனவன் நான். அங்க போயி அது இன்னா பண்ணுதுன்னு நான் பாக்காம வேற யாரு பாக்கறது?" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான்.

முதல் அலை படகைச் செங்குத்தாகத் தூக்கியது. வேங்கடேசன் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இரண்டாவது அலையில் படகே தெரியவில்லை. கரையில் லூர்துமேரி ஜெபமாலையை எடுத்தாள், எண்ண மறந்தாள். பிறகு அலைக்கு அப்பால் பாய் விரிந்தது. காற்று பிடித்தது. மரம் முகத்தைத் திருப்பியது.

"திரும்புது பாத்தீங்களா," என்றாள்.

நாட்டார் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் கட்டுமரத்தில் போனவர். "கம்பி கொஞ்சங்கூடத் தளரல," என்றார். "யாரு அந்த ஆளு?"

"மோட்டாரு ரிப்பேருங்க. திண்டிவனம்."

"மோட்டாரு ரிப்பேரா." மறுபடி படகைப் பார்த்தார். "சவுரி திருப்பறதப் பாரு. வெள்ளக்காரன்கூட இப்பிடித் திருப்ப மாட்டான்."

படகு வளைந்து வந்தது. சாய்ந்து, நிமிர்ந்து, ஓர் அலையின் முதுகில் ஏறி, அப்படியே மணலில் வழுக்கி நின்றது. வேங்கடேசன் இறங்கினான், உட்கார்ந்தான், வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய் முளையைத்தான் பார்த்தான். ரப்பர் நகரவில்லை. பட்டைகள் இரண்டையும் தடவிப் பார்த்து, "ஒண்ணும் ஆவல," என்றான், யாரும் கேட்காமலே.

மேளம் கிட்டே வந்துவிட்டது. சவுக்குத் தோப்புக்கு மேலே சாமியின் குடை தெரிந்தது. சாமிக்கு வழி விடவேண்டும். யாரும் சொல்லவில்லை, கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர், ரெட்டைப்படகைத் தூக்கினார்கள். தூக்கிய பிறகு பழைய இடத்துக்கா, வெளியேவா, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நாட்டாரையே பார்த்தார்கள்.

லூர்துமேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லுங்க நாட்டாரே, படக எங்க எறக்கச் சொல்லட்டும்?"