சின்னவளின் கூண்டில்

குளியலறையில் வழுக்கி இடது கணுக்கால் பிசகிய விஷயத்தை அவர் மிருகக்காட்சிசாலையில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் கூண்டுப் பக்கமே விடமாட்டார்கள். "ஒரு நாள் லீவு போட்டா குடியா முழுகிடும்?" என்று கேட்டபடியேதான் மனைவி காலுக்குத் துணி சுற்றிவிட்டாள். "நான் போகலைன்னா சின்னவ சாப்பிட மாட்டா" என்றார். அதில் கவலையைவிடப் பெருமைதான் அதிகம்.

சின்னவள் என்பது ஒரு சிறுத்தை. தாய் ஒதுக்கிய குட்டி, கண் திறக்கும் முன்பே இவர் மடிக்கு வந்துவிட்டது. நான்கு மாதம் வீட்டில் புட்டிப்பாலில் வளர்ந்தது. இவர் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டே தூங்கும். பெற்ற மகளுக்கு அப்போது மூன்று வயது. எனக்கு ரெண்டு பொண்ணு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அது வேடிக்கையா நிஜமா என்பது அவருக்கே மறந்துபோயிற்று.

கூண்டைக் கழுவப் போகும்முன் மிருகத்தை உள்ளறையில் அடைக்க வேண்டும். ஒருவர் பூட்ட, இன்னொருவர் இழுத்துப் பார்த்து "பூட்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றக் கூண்டுகளில் அவர் இம்மி பிசகாமல் அப்படித்தான் செய்வார். சின்னவளுக்கு மட்டும் கிடையாது. பெற்ற பிள்ளையை அறையில் பூட்டிவிட்டு யாராவது வீடு பெருக்குவார்களா? கூட வேலை பார்ப்பவர் ஆறு வருஷமாகத் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் வெளிக்கதவைப் பூட்டிவிட்டுத்தானே வீட்டுக்குப் போகிறோம் என்று மட்டும் இவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்றும் துடைப்பத்தோடு உள்ளே போனார். வழக்கமாக ஓடிவந்து தொடையில் தலையைத் தேய்க்கிறவள் வரவில்லை. மரமேடையில் படுத்தபடியே பார்த்தாள். அவர் முகத்தை அல்ல, இடது காலை.

தண்ணீர்த்தொட்டி வரை நொண்டிப் போன பிறகுதான் அந்தப் பார்வை அவருக்கு உறைத்தது. திரும்பினார். அவள் கீழே இறங்கியிருந்தாள். வயிறு தரையில் உரச, சுவரோரமாக வந்துகொண்டிருந்தாள். இவர் நின்றால் நின்றாள். இவர் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தத் தலையும் கூடவே தாழ்ந்தது.

"என்னடி கண்ணு, அப்பாதான்டி."

காதுகூட அசையவில்லை.

பயத்துக்கு முன்னால் அவருக்கு வருத்தம்தான் வந்தது. வளர்த்த கடா என்று நினைக்கக்கூட மனம் வரவில்லை. அவள் ஒன்றும் புதிதாக மாறிவிடவில்லை; மடியில் கிடந்தபோதும் இதே கண்தான். மகள் என்றது இவர்தான், அவளைக் கேட்டுக்கொண்டு அல்ல.

இறைச்சி வாளியோடு வந்த கூட்டாளி கம்பிக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டார். வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். தாழ்ப்பாளில் கை போனது.

"அண்ணே," என்றார், உதடு அசையாமல். "நொண்டாம வாங்க."

கதவு பத்தடி தூரம். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். முதுகை நிமிர்த்தி, இடது காலை முழுப் பாரத்தோடு ஊன்றினார். வலி மண்டைக்கு ஏறியது. முகத்தில் காட்டவில்லை. வலது கால். மறுபடி இடது. கூட்டாளியின் கண் இவர்மேல் இல்லை. இவர் தோளைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

ஓரக்கண்ணில் அவளுடைய பின்னங்கால்கள் தெரிந்தன. மாறி மாறித் தரையை அழுத்தி, பிடிமானம் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் சிரித்த முகமாக, இடது காலில் நின்றபடி வலது காலைத் தூக்கினார்.