பூஜ்யம் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை

1

இந்தக் கதை எனக்குப் பாசஞ்சர் ரயிலில் கிடைத்தது. கதை என்பதுகூட மிகை, கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்தான். பாறசாலையில் ஏறி எதிரே உட்கார்ந்த பெண்ணிடம், சும்மா இருக்கத் தெரியாத என் வாயைத் திறந்து, என்ன வேலை என்று கேட்டேன். கடலடி மண்ணிலிருந்து ஓடு பொறுக்கும் வேலை என்றார். மணலளவு கடல் ஜீவிகளின் ஓடுகள். அவற்றைச் சோதித்தால், ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்லிவிடலாமாம்.

அப்படியென்றால் போன வருடத்துக் கடலைச் சொல்வது இன்னும் சுலபமாக இருக்குமே என்று என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். ரயில் நெய்யாற்றின்கரைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"அது முடியாது சார். மேல்மண்ணு வராது. கொழாய் எறங்கும்ப அது பறந்து போவும்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

ரயில் காற்றில் தூசி விழுந்திருக்கலாம். ஆனால் கதை எழுதுகிறவனுக்குத் தூசி என்று விட்டுவிட மனம் வருமா? அந்தக் கண்ணீருக்கு ஒரு காரணம் செய்ய உட்கார்ந்தேன். நீங்கள் படிப்பது நான் செய்த காரணம். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ரெஜிலா என்பது நான் வைத்த பெயர்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு வாரம் போயிற்று.

"ரெஜிலா மைக்ரோஸ்கோப்பின் மேல் குனிந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே பத்தாயிரம் வருடங்கள் —"

வேண்டாம். பத்தாயிரம் வருடம் என்று எழுதியதுமே எழுத்தாளன் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வது தெரிகிறது.

"மகன் இறந்துவிட்டான் என்பதை ஞானபாய் நம்பவில்லை."

இதுவும் ஆகாது. அவள் நம்பினாள். செய்தி வந்த அன்றைக்கே நம்பிவிட்டாள். அவளால் முடியாமல் போனது வேறொன்று. அதிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். சரி, தொடங்குகிறேன்.

3

ரெஜிலாவின் அண்ணன் எபின், தீவுகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் சின்னக் கப்பல் ஒன்றில் எலக்ட்ரீஷியன். ஒரு புயலில் அந்தக் கப்பல் மூழ்கியது. சிலரைக் காப்பாற்றினார்கள், சிலருடைய உடல் கரைக்கு வந்தது. எபின் எந்த விதத்திலும் வரவில்லை.

(இரண்டு வரியில் ஒருவனைக் கொன்றுவிட்டேன். நேற்றுவரை அவன் இல்லவே இல்லை. இருந்தும் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.)

அம்மா ஞானபாய் குன்னத்துகாலில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிள்ளைகள் இருவரையும் வளர்த்தவள். புருஷன் ஜெயதாஸ், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே போய்ச் சேர்ந்து, சபையின் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார். அந்தச் சபையில் அடக்கம் என்றால், பாதிரியாரான அச்சன் ஜெபம் முடித்ததும் வீட்டார் ஆளுக்கொரு பிடி மண் அள்ளிக் குழியில் போட வேண்டும். பெட்டியின் மேல் மண் விழும் சத்தம் கேட்டபிறகுதான் அழுகை அடங்கத் தொடங்கும். ஞானபாய் புருஷனுக்கு அதைச் செய்தாள். மகனுக்குச் செய்யக் குழியே இல்லை.

சபைக் கோயிலில் நினைவு ஆராதனை வைத்தார்கள். அச்சன் நன்றாகத்தான் பேசினார். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, கை கழுவக் குழாயடிக்குப் போனவள், கையில் மண்ணே இல்லையே என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப்பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது நின்றது. தைக்க வந்த பிளவுஸ் துணிகள் வெட்டியபடியே கிடந்தன. வேறு வீட்டு அடக்கங்களுக்குப் போனாலும் மண் அள்ளும் நேரத்தில் வெளியே வந்துவிடுவாள். ரெஜிலா காலையில் ரயிலேறி நகரத்திலுள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போவாள், சாயங்காலம் வருவாள். அம்மா மெஷினில் நூல் கோக்காமல் காலால் மிதித்துக்கொண்டிருப்பாள். அந்த வெறும் மெஷின் சத்தத்தை ரெஜிலாவால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் அம்மாவே கேட்டாள்.

"மக்கா, ஒனக்க லேப்புல கடலுக்க அடிமண்ணு உண்டும்னு செல்லுவியே. அவன் போன பக்கத்து மண்ணு உண்டா?"

உண்டு என்றாள் ரெஜிலா.

"ஒரு பிடி தருவினுமா, கேட்டுப் பாரு."

4

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். அந்த மண் எப்படி வருகிறது என்று தெரியாவிட்டால் மேலே போக முடியாது.

கப்பலிலிருந்து கனமான இரும்புக் குழாயைக் கடலடிவரை இறக்குவார்கள். அது சேற்றில் குத்தி நிற்கும். மேலே இழுத்தால் குழாய்க்குள் சேறு தூண் மாதிரி இருக்கும். கீழே உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது. அதைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக அறுத்துப் பையில் போட்டு எழுதி வைப்பார்கள். உச்சியிலிருக்கும் பையில் "பூஜ்யம் முதல் ஒன்று வரை" என்று இருக்கும். பூஜ்யம் என்றால் இன்றைய கடலடி.*

(* ரெஜிலாவின் வேலை அந்தச் சேற்றைச் சலித்து, ஈரத் தூரிகை நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது. ஓடுகளைக் கட்டிய ஜீவிகளுக்கு ஃபோராமினிஃபெரா என்று பெயர். கடல்நீரில் லேசான ஆக்சிஜனும் உண்டு, கொஞ்சம் கனமான ஆக்சிஜனும் உண்டு. நீர் குளிர்ந்திருந்தால் ஓட்டில் கனமானது கூடுதலாகச் சேரும். அமிலத்தில் ஓட்டைக் கரைத்து, வரும் வாயுவை மெஷினில் விட்டு அளப்பார்கள். கரைத்த ஓடு திரும்பக் கிடைக்காது.)

எபின் போன இடத்துக்குப் பக்கத்தில், அந்தப் புயலுக்குப் பிறகு எடுத்த மண்தூண் ஒன்று ஆய்வுக்கூடத்தின் குளிரறையில் இருந்தது. ரெஜிலா தன் மேலதிகாரி விஜயதாஸிடம் விஷயத்தைச் சொல்லி, உச்சிப் பையிலிருந்து கொஞ்சம் கேட்டாள். அவர் குளிரறைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

இந்த இடத்தில் எனக்கு ரெஜிலாமேல் பலத்த சந்தேகம். இந்த வேலை செய்கிறவளுக்கு மேல்மண் விஷயம் தெரியாமலா இருக்கும்? கடலடியின் உச்சிச் சேறு கஞ்சியைப் போல இளகிக் கிடக்கும். குழாய் வேகமாக இறங்கும்போது, அதற்கு முன்னால் தள்ளப்படும் தண்ணீரே அந்தச் சேற்றைக் கலைத்துப் பறக்கவிட்டுவிடும். எவ்வளவு போயிற்று என்று பார்த்துச் சொல்ல முடியாது. சோதித்தால்தான் தெரியும். முதல் வருடமே இதைப் படித்திருப்பாள். தெரிந்தே கொடுத்தாள் என்று எழுதினால் அவள் அம்மாவை ஏமாற்றியவள் ஆகிறாள். தெரியாது என்று எழுதினால் முட்டாள் ஆகிறாள்.

இரண்டு வாரம் இதிலேயே முட்டி நின்றேன். பிறகு எழுதினேன்: அவளுக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அது ஞாபகத்தில் வரவில்லை. பையில் பூஜ்யம் என்று எழுதியிருந்தது. அண்ணன் கிடக்கும் கடலடி என்று படித்தாள். குளிரறைக்குள்ளேயே நின்று அழுதாள். அழுகிறவளுக்குப் பாடம் ஞாபகம் வராது. இதை நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் கதை இங்கேயே விழுந்துவிடும்.

5

ஞானபாய் எபினின் சட்டைப் பாக்கெட்டைப் பிரித்தெடுத்தாள். பச்சையும் சாம்பலும் கலந்த அந்த மண்ணை அதில் போட்டு, வாயைத் தைத்து மூடினாள். பல மாதங்களுக்குப் பிறகு மெஷினில் நூல் கோத்தது அதற்குத்தான்.

ஜெயதாஸின் கல்லறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குழி வெட்டினார்கள். சபைக் கமிட்டியில் ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்திருக்கிறார்கள், மண்ணை அடக்கம் செய்வது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று. அச்சன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜெபம் முடிந்தது. ஞானபாய் குனிந்து செம்மண்ணை அள்ளிப் போட்டாள். துணிமேல் விழுந்ததால் சத்தமே வரவில்லை. ஆனாலும் அழுதாள், முதல் முறையாக, சுற்றி நின்ற எல்லோரையும் மறந்து அழுதாள். வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மறுநாள் வெட்டிக் கிடந்த பிளவுஸ்களை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ரெஜிலா எழுவதற்குள் கோயிலுக்குப் புறப்பட்டு நின்றாள்.

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன். அப்போது ரயிலில் அந்தப் பெண் சொன்ன வாக்கியம் கதைக்கு வெளியே அநாதையாக நின்றது.

6

அதே மண்தூணிலிருந்து ரெஜிலா பொறுக்கிச் சோதனைக்கு அனுப்பியிருந்த ஓடுகளின் முடிவுகள் வந்தன. கீழிருந்து மேலே எல்லாம் ஒழுங்காக இருந்தது. உச்சிப் பையின் ஓடுகளில் மட்டும் கனமான ஆக்சிஜன் வேண்டியதைவிடக் கூடுதல். இன்றைய கடலைவிடக் குளிர்ந்த ஒரு கடலை அவை சொல்லின.

ரெஜிலா முதலில் தன்மேல்தான் சந்தேகப்பட்டாள். ஓடு சரியாகச் சுத்தமாகவில்லையோ, நீரின் உப்பு கூடக்குறைய இருந்து கணக்கைக் குழப்பியதோ என்று நினைத்தாள். அதே பையிலிருந்து புதிதாகப் பொறுக்கி அனுப்பினாள். அதே பதில். பிறகு கார்பனை வைத்து வயது பார்த்தார்கள். பூஜ்யம் என்று எழுதிய அந்த மண்ணுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வயது.

மேலே இருந்ததெல்லாம் பறந்துபோயிருந்தது. எபின் பிறந்த வருடமும், அவன் கப்பலேறிய வருடமும், அந்தப் புயலும் சேரவேண்டிய சேறு குழாய்க்குள் ஏறவே இல்லை.

மேல்பகுதி இழப்பு என்று கட்டுரையில் ஒரு வரி போட்டுவிடு, இது எல்லா இடத்திலும் நடப்பதுதான் என்றார் விஜயதாஸ். கொஞ்சம் கழித்து, நீ அம்மாவுக்குக் கொண்டுபோன அந்த மண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றாள். ரெஜிலா அந்த ஒரு வரியை எழுத நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

"எனக்க அம்மைக்க நெஞ்சில —"

(ரெஜிலா இப்படித் தனக்குள் பேசுவதாக ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் அன்று எதுவும் பேசியிருக்கமாட்டாள்.)

7

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். ஞானபாய் குனிந்து அந்தச் சின்ன மேட்டின்மேல் விழுந்த ரப்பர் இலைகளைப் பொறுக்கிக்கொண்டே, மகள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீ அந்த மண்ணுல உள்ள ஓட்டவச்சு தண்ணிக்க சூடும் குளிரும் பாப்பியாக்கும்லா. பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்லிவிட்டாள் ரெஜிலா. வாய் தவறி வந்த உண்மை.

"அவன் கெடந்த தண்ணி குளிரா இருந்துதா மக்கா? சின்னதுல இருந்தே குளிரு தாங்கமாட்டான். வெந்நி இல்லாத குளிக்கமாட்டான். எனக்கு அது ஒண்ணுதான் ராத்திரியெல்லாம் நெனப்பு."

ரெஜிலாவுக்கு இரண்டு பதில்கள் தெரியும். எபின் மூழ்கியபோது கடல் குளிராகவே இல்லை. அந்த வாரம் அது வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது என்று செயற்கைக்கோள் அளவுகளில் பார்த்திருக்கிறாள். அந்தச் சூட்டைக் குடித்துத்தான் புயல் அவ்வளவு பெரிதாயிற்று என்பதும் தெரியும். ஆனால் பாக்கெட்டுக்குள் தைத்துப் புதைத்த மண் சொன்னதோ, குளிர்.

8

முடிவுகள். எழுதிப் பார்த்தவற்றை ஒளிக்காமல் வைக்கிறேன்.

ஒன்றில் ரெஜிலா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அம்மா அவள் தலையைத் தடவி, எனக்கு அப்பவே தெரியும் மக்கா என்கிறாள். இதைக் கிழித்துப்போட்டேன். பெற்றவர்களுக்கு எல்லாம் முன்னாலேயே தெரியும் என்று எழுதுவது நமக்கு வசதி, அவ்வளவுதான். ஞானபாய்க்குத் தெரியாது.

இன்னொன்றில், இந்த மண் இயேசு பூமியில் நடந்த காலத்து மண்ணம்மா என்று ரெஜிலா சொல்ல, அம்மா முழங்காலில் நின்று தோத்திரம் சொல்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு சுலபமாகக் கலங்கியதால் அதையும் விட்டேன்.

மூன்றாவதில் ரெஜிலா, "குளிரில்லம்மா. நல்ல சூடாத்தான் இருந்துது" என்கிறாள். எபினைப் பற்றி அது சத்தியம். எனக்கும் திருப்தியாக இருந்தது. முற்றுப்புள்ளி வைக்கப் போனேன். அப்போது ஞானபாய், நான் எழுதிக் கொடுக்காமல், தானாகவே நிமிர்ந்தாள்.

"அந்த ஓடா அப்பிடிச் சென்னது?"

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், அது எந்த மண் என்பதையும் சொல்லவேண்டி வரும். சொன்னால் அந்தக் கல்லறையில் மகனுடையது என்று எஞ்சுவது ஒரு சட்டைப் பாக்கெட் மட்டும்தான். அவள் மறுபடியும் குழாயடியில் போய் உட்கார்ந்து கையைப் பார்ப்பாள். மெஷின் மறுபடியும் நூலில்லாமல் ஓடும்.

ரயிலில் வந்த அந்தப் பெண்ணைத் தேடினேன். அதே பாசஞ்சரில், அதே பெட்டியில், பலமுறை போய்வந்தேன். தனுவச்சபுரம் கல்லூரிப் பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கினார்கள். அவர் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன கேட்பேன்? உங்களுக்கு அண்ணன் உண்டா என்றா?

இல்லாத ஒரு அண்ணனை ரெஜிலாவுக்குக் கொடுத்து, நானே எடுத்தும்விட்டேன். இனி ஒரு பொய்யையோ உண்மையையோ அவள் வாயில் திணிக்க எனக்கு மனமில்லை. ஆகவே நான் விலகிக்கொள்கிறேன். அவள் நின்ற இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். கோயில் முற்றத்தில் ஆட்கள் கலைந்துகொண்டிருக்கிறார்கள், அவசரம் ஒன்றும் இல்லை. ஞானபாய் பொறுக்கிய இலைகளைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.

"செல்லு மக்கா. அந்த ஓடா சென்னது?"