ஞாயிற்றுக்கிழமைப் புண்

ஸ்ரீ சிட்டி கம்பெனியில் வேலை பார்க்கும் சிரஞ்சீவிக்கு மறைவிடத்தில் புண். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஆறு நாள் ரூமில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரம் வீட்டுக்கு வருவான். மறுநாள் காலை அதே இடத்தில் எட்டணா அளவுக்கு வட்டமாகச் சிவந்து எரியும். ரூமில் இருந்தால் வருவதில்லை, வீட்டுக்கு வந்தால் வருகிறது. அவ்வளவுதான், பழியைத் தூக்கிப் பெண்டாட்டி ஷோபாவின் மேல் போட்டான்.

அவள் அழுதாள், பிள்ளை மேல் ஆணையிட்டாள். அது பத்தாதென்று கோயிலில் கற்பூரம் ஏற்றிக் கையால் அடித்து அணைக்கச் சொன்னான், பாவி. அணைத்தாள். உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். இரண்டு பேருக்கும் ரத்தம் பார்த்துவிடலாம் என்று பிள்ளையோடு அவளைத் திருப்பதிக்கு இழுத்துக்கொண்டு போனான். கெட்ட நோய் என்று வந்துவிட்டால் அவளை வைத்து வாழ்வதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தான்.

தோல் டாக்டர் ஹரிபாபு விளக்கடித்து நிதானமாகப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் இதே இடம்தானா, ஆறினால் கருப்பாக நிற்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றான். வருவதற்கு முன்னால் என்ன மருந்து சாப்பிட்டாய் என்றதற்கு, ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொன்னான். மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்குவதை நம் ஆட்கள் என்றைக்கு மருந்தில் சேர்த்தார்கள்?

டாக்டர் ஷோபாவை உள்ளே கூப்பிட்டு அதையே கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை கறி துன்னா சில வாட்டி இவருக்கு வயித்தால போவும் சார். ஒரு மாத்திரை போடுவாரு. தோ, சட்டப் பையிலயே வச்சிக்கினு கீறாரு."

டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். சிலருக்கு இந்த மாத்திரை ஆகாது, போடும்போதெல்லாம் அதே இடம் வெந்துபோகும் என்றார். ஒட்டுகிற நோயில்லை, யாரும் கொடுத்ததும் இல்லை. மத்தியானம் வந்த ரத்த ரிப்போர்ட்டிலும் இருவருக்கும் ஒன்றுமில்லை.

சிரஞ்சீவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் பிடுங்கித் தின்றது. அதை மறைக்க, பஸ் ஸ்டாண்டில் இளித்துக்கொண்டே சொன்னான்: "டாக்டரே சொல்ட்டாரு, உம்மேல தப்பில்லன்னு. வா, டிபன் துன்னுட்டு வூட்டுக்குப் போலாம்."

ஷோபா நின்றாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவனை நீ என்றாள்.

"அந்தாளு வேற மாதிரி சொல்லியிருந்தா, என்னை என்னா பண்ணியிருப்ப நீ?"

பஸ்ஸில் எடுத்த முடிவு அவன் முகத்தில் அப்படியே தெரிந்திருக்க வேண்டும். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அம்மா வீட்டுக்குப் போகிற சித்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.