சிலம்பரசன் பார்த்த வாத்து

பறவை பார்க்கிறவர்களைப் போலப் பொறாமை பிடித்த கூட்டம் உலகத்தில் கிடையாது. குளிர்காலத்தில் நம் பக்கம் வரும் விருந்தாளிப் பறவைகளை நாலு பேருக்குச் சொல்லிச் சந்தோஷப்படலாம் என்றுதான் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தேன். சந்தோஷமெல்லாம் முதல் வருஷத்தோடு சரி. அதற்கப்புறம் யார் முதலில் பார்த்தது, யார் படத்தில் இறகு எண்ணுகிற மாதிரி இருக்கிறது என்று ஆகிவிட்டது. மந்தாரக்குப்பம் பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்லும் எனக்கு, இவர்கள் கண்ணில் விழுந்த கொள்ளியைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

இந்தப் பொறாமையில் சேராதவன் ஒருவன் குரூப்பில் இருந்தான். சிலம்பரசன். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் காண்ட்ராக்ட் வேலை. என் கடைக்குப் பின் தெருவில் வாடகைக்கு இருந்தான். பறவைகளை அடையாளம் சொல்வதில் ஆள் சுமார்தான். ஒரு தடவை யாரோ வளர்க்கிற வாத்தைப் படமெடுத்து ‘அரிய விருந்தாளி’ என்று போட்டுவிட்டான். குரூப்பே ஒரு வாரம் அவனை வைத்துச் சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு பறவை ஓரிடத்தில் இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அதைப் பார்க்காமல் திரும்ப மாட்டான். சோறு தண்ணி எதுவும் ஞாபகம் இருக்காது. "எனக்கு முன்னாலயே இவரு ஒரு கொக்க கட்டிக்கினாருண்ணே, நான் ரெண்டாந்தாரம்" என்று அவன் மனைவி சத்யா சிரிப்பாள்.

பொங்கல் முடிந்த கையோடு ஒரு காலையில் பிரவீன்குமார் குரூப்பில் ஒரு படம் போட்டான். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கிற பையன். பெர்மனன்ட் வேலை, கை நீளத்துக்கு லென்ஸ். படத்தில் இருந்தது வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் கறுப்பாக இரண்டு பட்டை, இமயமலையைத் தாண்டி வருகிற சாதி. நம் பக்கம் அதுவரை யாரும் பார்த்ததில்லை. ‘இன்று காலை, குறிஞ்சிப்பாடி பெரிய ஏரி’ என்று கீழே எழுதியிருந்தான். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பாராட்டு மழை பொழிந்தது.

கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது சிலம்பரசன் பைக்கை வந்து நிறுத்தினான். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தான். புருவமெல்லாம் நிலக்கரித் தூசு.

"பாய், வரீங்களா?"

"கடைய யாருடா பாக்கறது? கண்ணப் பாரு, கோவப்பழமா இருக்குது. போய்த் தூங்கிட்டு சாயங்காலமா போ."

"நான் தூங்கி எழுந்திரிக்கற வரைக்கும் அது எனக்காவ ஒக்காந்துகினு இருக்குமா பாய்?"

படத்தை சத்யாவுக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் கிளம்பிவிட்டான். அன்று பொழுது சாயும் நேரத்தில், திரும்பி வரும் வழியில், ஓரமாக நின்றிருந்த கரும்பு டிராக்டரின் பின்னால் போய் மோதினான். பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லை. வண்டி ஓட்டும்போதே தூங்கியிருக்கிறான் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மறுநாள் சாவு வீட்டில் சத்யாவை நாலு பெண்கள் பிடித்தும் நிறுத்த முடியவில்லை. "சோறு கூட துன்னாம போனாரே, அந்தப் பாழாப்போன வாத்தையாவது பாத்தாரா? யாருன்னா சொல்லுங்களேன்!" என்று எங்களைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். எங்களில் யாருக்குத் தெரியும்? தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அப்போது பிரவீன்குமார் முன்னால் வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"பாத்துட்டாருக்கா. எனக்கு போன் பண்ணாரு. பாத்துட்டேன் தம்பின்னு சொன்னாரு."

கொதிக்கிற பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி சத்யா அடங்கிவிட்டாள். "பாத்துட்டாரா?" என்று ஒரு தரம் கேட்டாள். அப்புறம் புருஷன் காலடியில் போய் உட்கார்ந்தவள்தான், எடுக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. எங்கள் குரூப்பில், ஒரு பறவையைத் தேடிப் போனவர்கள் பார்த்தோம், பார்க்கவில்லை என்று பேர் போட்டு எழுத வேண்டும். அப்போதுதான் அடுத்துப் போகிறவர்களுக்குப் பறவை அங்கேயே இருக்கிறதா என்று தெரியும். அன்று இரவு பிரவீன் போட்ட படத்துக்குக் கீழே செத்தவன் சார்பில் நானே எழுதினேன்: ‘சிலம்பரசன் பார்த்தான்.’ எல்லோரும் கைகூப்பினார்கள்.

கருமாதிக்குப் போயிருந்தேன். சிலம்பரசன் போட்டோவுக்குப் பக்கத்தில் அந்த வாத்தின் படத்தையும் சத்யா பிரேம் போட்டு வைத்திருந்தாள். அவனுக்கு ரோஜா மாலை, வாத்துக்குச் சின்னதாக ஒரு முழம் மல்லிகை. வந்தவர்களிடமெல்லாம், "கண்ணு குளிர இதப் பாத்துட்டுத்தான் போனாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள் என்று சொன்னால் மிகையில்லை.

மாசி பிறந்து ஒருநாள் சத்யா கடைக்கு வந்தாள்.

"இந்தப் பறவயெல்லாம் எப்பண்ணே திரும்பிப் போவும்?"

"வெயில் ஏறுச்சுன்னா கெளம்பிடும்மா."

"அதுக்குள்ள என்னை ஒரு தபா ஏரிக்கு கூட்டிக்கினு போங்க. அவரு கடைசியா பாத்தத நானும் ஒரு கண்ணு பாத்துக்கறேன். எனக்குன்னு வேற என்னா இருக்குது?"

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? வாத்து இருந்த இடம் தெரிந்தவன் பிரவீன் ஒருவன்தான் என்று அவனைக் கூப்பிட்டேன். அது போயிருக்கும் என்றான். கார் ரிப்பேர் என்றான். ஷிப்ட் மாறிவிட்டது என்றான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "செத்தவன் பொண்டாட்டி கேக்கறா, உனக்கு என்னடா அவ்ளோ ராங்கி?" என்று கத்தினேன். அன்று சாயங்காலம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். 

"பாய், அது இங்க எடுத்த படம் இல்ல."

"என்னடா சொல்ற?"

"போன வருஷம் ட்ரெய்னிங்குக்கு வடக்க போனப்ப எடுத்தேன். கடலூர் குரூப்புக்காரங்க தெனம் ஒண்ணு புதுசு புதுசா போடறாங்க, நம்மகிட்ட ஒண்ணுமே இல்லியேன்னு… ஒரு நாள் இருக்கட்டும், அப்பறம் பறந்துபோச்சுன்னு சொல்லிடலாம்னு நெனச்சேன். யாரும் அன்னிக்கே ஓடுவாங்கன்னு நெனைக்கல."

ஓங்கிய கையை எப்படி அடக்கினேன் என்று தெரியவில்லை. நாங்கள் செய்கிற தப்பிலேயே பெரிய தப்பு இதுதான். இல்லாத பறவையை இருக்கிறது என்று சொல்வது. கள்ள நோட்டு அடிக்கிறவனுக்காவது அதில் லாபம் உண்டு.

"நாளைக்கு கூட்டிக்கினு போறோம். அங்க வெச்சு நீயே உன் வாயால சொல்ற."

"போயிடுச்சுன்னு சொல்லிடலாமே பாய்? பாத்தாருன்னு நெனச்சுத்தான் அவங்க தெம்பா இருக்காங்க. அதையும் புடுங்கணுமா?"

அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கேட்டான். ஆனாலும் கேள்வி என்னமோ நியாயமாகத்தான் பட்டது. சொன்னால் சிலம்பரசனை இன்னொரு தரம் சாகடித்த மாதிரி. சொல்லாவிட்டால் அவள் காலமெல்லாம் ஒரு பொய்க்கு மாலை போட்டுக்கொண்டிருப்பாள். "சொல்றது உன் பொறுப்பு, நான் வாய தொறக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை பிரவீன் காரில் மூன்று பேரும் போனோம். சத்யா புருஷனின் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். டிராக்டர் நின்ற இடத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள். 

ஏரியில் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. நாமக்கோழிகள் கும்பல் கும்பலாக மேய்ந்தன. பனி இன்னும் முழுசாகக் கலையவில்லை. பிரவீன் முக்காலியை விரித்துப் பெரிய தொலைநோக்கியைப் பொருத்தினான். இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எதையோ தேடிக் குறி வைத்துவிட்டு நகர்ந்து நின்றான்.

"அதோ, அதுதான்க்கா. தூரமா இருக்குது."

சத்யா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். எனக்கு வெறும் கண்ணுக்கே தெரிந்தது, அது வருஷம் பூராவும் இங்கேயே கிடக்கிற புள்ளிமூக்கு வாத்து.

"இதுக்கு மூக்காண்ட செவப்பா இருக்குது. தலையில பட்டையக் காணுமே."

"பனியா இருக்குதுல்லக்கா, அதனால…"

"தெனம் வெளக்கேத்தற எடத்துல அந்தப் படத்த வெச்சிருக்கறேன் தம்பி. எனக்கு அடையாளம் தெரியாதா?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிரவீன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். வடக்கே எடுத்த படம், கடலூர்க்காரர்கள், லைக்கு. அவன் பேசப் பேச சத்யா முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"போன் பண்ணாருன்னு சொன்னியே, அதுவும் பொய்யா?"

"இல்லக்கா. பண்ணாரு."

"என்னா சொன்னாரு?"

"காலைலேருந்து பாக்கறேன், காணுமே தம்பி, எங்க இருக்குதுன்னு கேட்டாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அந்தக் கோரைக்கு அந்தாண்ட பாருங்கண்ணேன்னுட்டேன்."

இதை அவன் என்னிடமும் சொல்லியிருக்கவில்லை. சத்யா எதிர்க்கரையில் இருந்த கோரையைப் பார்த்தாள். அங்கே போக வேண்டுமென்றால் ஏரியையே சுற்றி நடக்க வேண்டும்.

"ராத்திரி பூரா கண்ணு முழிச்ச மனுசன்" என்றாள். "வெயில்ல அம்மாந்தூரம் சுத்தி நடந்திருப்பாரு."

அறைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். செய்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்குமே கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் படம் குரூப்புல இன்னும் இருக்குதாண்ணே?"

"இருக்குதும்மா. போன ஞாயித்துக்கிழமை கூட விழுப்புரத்துலேருந்து ஆளுங்க வந்து தேடிட்டுப் போனாங்க."

"இப்பவே அழிச்சிடறேன்க்கா" என்று பிரவீன் போனை எடுத்தான்.

"அழிச்சா பாத்தவங்க மனசுலேருந்து போயிடுமா? பொய்யின்னு எழுது. இன்னும் எவனாச்சும் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு தூங்காம கெளம்பிடப் போறான்."

அவன் எழுதினான். எழுத்து தப்புத் தப்பாக விழுந்தது, அழித்து அழித்து எழுதினான். அந்தப் படம் இங்கே எடுத்தது இல்லை, வரித்தலை வாத்து இந்த ஏரிக்கு வரவே இல்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று எழுதி அவளிடம் நீட்டினான். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"அவரு பேரையும் போடு. அவரும் பாக்கலன்னு போடு."

"அது வேணாம்மா" என்றேன் நான். வாயைத் திறக்க மாட்டேன் என்றவன்தான், பொறுக்க முடியவில்லை. "பாத்தான்னே இருக்கட்டும். அவன் பேருக்கு எதிர்ல அதுவாவது இருக்கட்டும்."

"வூட்டு வாத்த பாத்துட்டு வந்து வெளிநாட்டு வாத்துன்னு சொல்லியிருக்காரு. அது அவருக்குத் தெரியாம சொன்னது. பாக்காதத பாத்தேன்னு ஒரு நாளும் சொன்னதில்லண்ணே. செத்த பெறவு அவர ஏன் பொய் சொல்ல வெக்கறீங்க?"

பிரவீன் கடைசியாக ஒரு வரி சேர்த்தான்: ‘சிலம்பரசன் அண்ணன் அன்று முழுக்கத் தேடினார். பார்க்கவில்லை.’ சத்யா போனை வாங்கி, தன் விரலாலேயே அனுப்பினாள்.

அனுப்பிவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. "பாக்கலியாமே, என் சாமி, பாக்காமலே போயிட்டியே" என்று அவள் எடுத்த குரலில் நாமக்கோழிகள் மொத்தமும் தண்ணீரை அடித்துக்கொண்டு எழும்பிப் பறந்தன. நானும் பிரவீனும் ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தோம். அவளைத் தேற்றுவதற்கு எங்களிடம் ஒரு பொய்கூட மிச்சமில்லை.