மயில்கழுத்துக் கலர் பெட்டி

எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் பேச மாட்டார். எனக்குக் கோபம் வந்தால் நிறுத்த மாட்டேன். பதினெட்டு வருஷமாகக் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் ஒரு தகரப் பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கப் போய், அவர் நாலு நாள் ஊமையாகவும் நான் நாலு நாள் ரேடியோவாகவும் இருந்தது இந்த ஆயுத பூஜைக்குத்தான்.

பெட்டி என்றால் ஸ்பேனர் பெட்டி. ஆரணிப் பக்கம் பட்டுத்தறி போட்டிருக்கிற வீடுகளில், தறிக்கு மேலே ஜக்கார்டு என்று ஒரு இயந்திரம் உட்கார்ந்திருக்கும். சேலையில் மயிலும் மாங்காயும் விழுவது அதன் தயவில்தான். அது மக்கர் பண்ணினால் கூப்பிடுகிற ஆள் நெடுஞ்செழியன், அதாவது எங்கள் வீட்டுக்காரர். பெட்டி மூடியிலேயே வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கும்: நெடுஞ்செழியன், ஜக்கார்டு மெக்கானிக். கீழே போன் நம்பர்.

இது ஊருக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று உண்டு. எட்டு மாதத்துக்கு முன்னால் போளூர் ரோட்டில் ஒரு ஆட்டுக்குட்டிக்கு வழிவிடுகிறேன் என்று இவர் வண்டியோடு வாய்க்காலில் இறங்கினார். ஆட்டுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்கு வலது தோள்பட்டை போயிற்று. கட்டுப் பிரித்த பிறகும் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தலைகூடக் குனிந்துதான் வாருகிறார். ஜக்கார்டோ தலைக்கு மேலே இருக்கிறது. அன்றிலிருந்து ஏணியில் ஏறுகிறவள் நான். பதினைந்து வருஷம் அவர் கூடவே போய், ஏணி பிடித்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கற்றுக்கொண்ட வேலை.

"வெளிய சொல்லாத சுந்தரி. கை போச்சுன்னு தெரிஞ்சா வேற ஆளக் கூப்ட்டுடுவானுங்க" என்றார் அவர். நானும் சரி என்றேன்.

அதனால் போகிற வீட்டிலெல்லாம் ஐயா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அந்த போல்ட்டப் பாரு, இந்தக் கொக்கியத் திருப்பு" என்று கீழேயிருந்து உத்தரவு போடுவார். அவர் சொல்வதற்குள் நான் திருப்பி முடித்திருப்பேன். வேலை முடிந்ததும் தறிக்காரர்கள் அவரைப் பார்த்து, "அண்ணன் கை வெச்சா வெச்சதுதான்" என்பார்கள். அண்ணன் கை அந்த நேரத்தில் பஜ்ஜித் தட்டில் இருக்கும்.

முதல் மாதம் சிரிப்பாக இருந்தது. ஐந்தாவது மாதம் வயிறு எரிந்தது. எட்டாவது மாதம், பெட்டி துருப்பிடித்துவிட்டது, பூஜைக்குள் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது நான் முடிவு பண்ணிவிட்டேன்.

"நானே அடிக்கறேன். அடிச்சிட்டு மூடி மேல என் பேர எழுதிக்கறேன்."

"உம் பேரா? இன்னாத்துக்கு?"

"வேலை செய்யறவ பேர எழுதாம வேடிக்கை பாக்கறவன் பேரயா எழுதுவாங்க?"

அன்றைக்கு மூடிய வாய்தான். சாப்பாடு வேண்டுமா என்றால் தலையாட்டல், வேண்டாமா என்றாலும் தலையாட்டல். போய்யா பெரிய இவரு என்று நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனேன்.

எண்ணெய்ப் பிசுக்கு போக மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். உப்புத்தாள் வைத்துத் துருவைத் தேய்த்தேன். மூடிக்கு வந்ததும் கை தயங்கத்தான் செய்தது. 'நெடு' வரைக்கும் தேய்த்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்புறம் மிச்சத்தையும் தேய்த்தேன். இரண்டு நாளில் பெட்டி மொத்தமும் ரெட் ஆக்சைடு பூசிக் காய்ந்து, செங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

கலர் வாங்கப் பெயிண்ட் கடைக்குப் போனேன். என் பேர் எழுதப்போகிற பெட்டி. ஏனோதானோ என்று ஒரு பச்சையை அடிக்க மனசு வரவில்லை.

"மயில்கழுத்துக் கலர் குடுங்க" என்றேன்.

கடைக்கார சரவணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அக்கா, இது பெயிண்ட் கடை. சேலைக் கடை எதுத்தாப்புல கீது."

அவர் சொல்வதும் நியாயம்தான். மயில்கழுத்து என்பது ஒரு கலர் இல்லை. பாவு நீலம், ஊடை பச்சை. நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. அசைத்தால் நீலம் மினுங்கும், திருப்பினால் பச்சை மினுங்கும். அதை எந்தக் கம்பெனிக்காரன் டப்பாவில் அடைப்பான்? ஆனால் ஆரணியில் பிறந்தவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? நீலத்தில் ஒரு டப்பா, பச்சையில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீலத்தை நீளவாக்கில் இழுத்தேன். அது காய்வதற்குள், அதன் மேலேயே பச்சையைக் குறுக்குவாக்கில் இழுத்தேன். காய்ந்துவிட்டால் எப்படி ஒன்றுக்குள் ஒன்று ஓடும்? நெசவு அப்படித்தானே? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரர் கொல்லைக் கதவில் சாய்ந்துகொண்டு இதை முழுசாகப் பார்த்தார். வாயைத் திறந்தார். அப்புறம், பேசக்கூடாது என்கிற வைராக்கியம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

மயில் வரவில்லை. பாசி பிடித்த குளம்தான் வந்தது. சரி, காய்ந்தால் மினுங்கும் என்று காத்திருந்தேன். புரட்டாசித் தூறல் வேறு. பூஜை அன்றைக்குச் சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன், விரலோடு வந்தது. நல்ல நேரம் முடிய அரைமணிதான் இருந்தது. பேர் எழுத நேரமும் இல்லை, எழுதினால் நிற்கவும் நிற்காது. ஸ்பேனரை எல்லாம் உள்ளே அடுக்கி, மூடியை அமுக்கி மூடி, சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. மறுநாளும், முதல் வேலை எங்கேயோ அங்கேதான் பெட்டியைத் திறப்பது எங்கள் வழக்கம்.

விஜயதசமி காலையிலேயே தேவிகாபுரத்திலிருந்து தசரதன் போன் பண்ணினார். நாலு தறி போட்டிருக்கிறவர், எங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம்.

"அண்ணி, ஒரே பேஜாரா பூடுச்சு. முகூர்த்தப் புடவ ஓடிகினு கீது. பார்டர்ல மயிலுக்கு மூக்கே விழல. அண்ணன ஜல்தியா கூட்டிகினு வாங்க."

பார்த்தீர்களா? அண்ணனைக் கூட்டிக்கொண்டு வரணுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு இவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பெட்டி என் மடியில் இருந்தது. இறங்கும்போது என் சேலையிலும் பாசி பிடித்திருந்தது.

தசரதன் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துத் திறந்தேன். திறக்கவில்லை. மூடியும் பெட்டியும் புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. தட்டினேன், நெம்பினேன், திட்டினேன்.

"வுடுங்க அண்ணி, பொம்பளக் கையில வராது" என்றார் தசரதன். "அண்ணே, நீங்க ஒரு இழுப்பு இழுங்க."

இவர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து வந்தார். முடியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. குனிந்து மூடியைப் பிடித்து இழுத்தார். பாதியிலேயே முகம் சுண்டிப்போய்க் கண்ணில் நீர் கட்டியது. அந்த ஆள் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைப் பார்க்க என்னால் ஆகவில்லை.

"தள்ளுய்யா அந்தப் பக்கம்" என்று பெட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். படக்கென்று திறந்தது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் பெயிண்ட், வெண்டைக்காய் மாதிரி நூல் நூலாக நீண்டது.

"காயாத பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சா இப்படித்தான் ஒட்டும்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். நாலு நாளில் அவர் பேசிய முதல் வாக்கியம்.

"அத அன்னைக்கே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டுவிட்டு ஏணியில் ஏறினேன். ஜக்கார்டில் ஒரே ஒரு கொக்கி வளைந்திருந்தது. அதை நிமிர்த்தி, பக்கத்திலிருந்த போல்ட்டையும் முடுக்கினேன். தசரதன் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து மிதித்து, இழை இழையாக ஓட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சின்னதாக, ஜரிகையில், மூக்கு வந்துவிட்டது.

"அண்ணன் கைராசியே கைராசி!" என்றார் தசரதன். "ஆமா, இன்னாண்ணே, பொட்டி மேல பேரக் காணோம்?"

நான் ஏணி உச்சியில் நின்றபடி கீழே பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் வெறும் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் பேர எழுதறதுன்னு சண்ட, தசரதா" என்றார். "எட்டு மாசமா எனக்குக் கை தூக்க வரல. வேல மொத்தமும் இவதான் செய்யறா. நான் சும்மா உக்காந்துகினு கீறேன்."

தசரதன் கொஞ்சமும் அசரவில்லை.

"அது தெரியும்ணே."

"இன்னா தெரியும்?"

"கொசப்பாளையத்துலர்ந்து இங்க வரிக்கும் எல்லாருக்கும் தெரியும். நீங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல. அண்ணன் கைராசின்னு சொல்லி வைப்போம், மனுசன் தெம்பா இருக்கட்டும்னுதான்."

இவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் உச்சந்தலைக்கு ஏறியது.

"அடப்பாவிங்களா!" என்று மேலேயிருந்தே கத்தினேன். "இந்த ஆளு மனசு நோவக்கூடாதுன்னு எட்டு மாசமா ஊரே கூடி நாடகம் ஆடியிருக்கீங்க. ஏணி மேல நின்னவளுக்கு மனசு இல்லயா? ஒருத்தனுக்காச்சும், ஒரு நாளாச்சும், 'நல்லா செஞ்சம்மா'ன்னு சொல்ல வாய் வந்துச்சா?"

தறி நின்றுபோயிருந்தது. தசரதன் தறிக்குழியிலேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் எழுந்து வந்து, பதினைந்து வருஷம் நான் பிடித்த மாதிரியே, இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தசரதா, அவ பேரு குணசுந்தரி. அவதான் மெக்கானிக். இனிமே என்னக் கைராசின்னு சொல்ற வூட்டுல நான் தண்ணி கூடக் குடிக்க மாட்டேன். நான் ஏணி புடிக்கற ஆளு, அவ்ளோதான்."

தசரதன் அண்ணாந்து பார்த்தார். "தப்புதான், மெக்கானிக். நல்லா செஞ்சீங்க" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கீழே சந்தனக் கலர் பட்டுப் பாவு விரிந்திருந்தது. ஒரு சொட்டு விழுந்தாலும் கறை நிற்கும், முகூர்த்தப் புடவை வீணாகும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, தறி வீட்டைத் தாண்டி வாசலுக்கு வந்து, அப்புறம்தான் அழுதேன்.