ஆறாவது பெயர்

"அஞ்சாவது லாயல். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்பா."

"ஆறாவது..." ஆம்ப்ரோஸ் நிறுத்தினார். மூச்சு வாங்கியது. மார்லிஸ் பென்சிலை அட்டையின் மேல் வைத்துக் காத்திருந்தாள். ஆறாவது வரியில் வரப்போகும் பெயர் அவளுக்குத் தெரியும். முதல் எழுத்தைப் போட்டேவிட்டாள்.

"ஆறாவது ப்ரெட். முதல் பேஸ்ல நிக்கட்டும்."

பென்சில் நின்றது. "கர்ட்?"

"கர்ட் உட்காரட்டும்."

முப்பத்தொரு வருடமாக க்ரேபன் ஊர் பேஸ்பால் அணியின் மேனேஜராக இருந்தவர் ஆம்ப்ரோஸ். எவனை வேண்டுமானாலும் உட்கார வைப்பார். ஆனால் காரணம் சொல்லாமல் உட்கார வைத்ததில்லை. அதை நேருக்கு நேர் நின்று சொல்வார், கேட்கிறவனுக்குக் கோபம் வரும், ஆனால் மறுக்க முடியாது. மார்லிஸின் கல்யாணம் ஒரு சனிக்கிழமை நடந்தது. மறுநாள் ஆட்டத்தில் புது மாப்பிள்ளை கர்ட்டைப் பெஞ்சில் உட்கார வைத்தார். "நேத்து ராத்திரி ஆறு மணி நேரம் டான்ஸ் ஆடிருக்கான், காலு தாங்காது" என்று ஊர் கேட்கச் சொன்னார். உண்மையில் கர்ட்டால் அன்று மாடிப்படி இறங்கவே முடியவில்லை.

அதனால் அவள் கேட்டாள். "ஏன்பா?"

"அங்க பந்து எறியறவன் இடது கைக்காரன். கர்ட்டுக்கு இடது கை ஆகாது. உனக்குத் தெரியாததா?"

தெரியும். இருபது வருடமாக ஸ்கோர் புத்தகம் எழுதுகிறவள் அவள்தான். கர்ட் இடது பக்கம் நின்று அடிப்பவன். இடது கைக்காரன் எறியும் பந்து அவனை விட்டு விலகிப் போகும், இவன் ஈ விரட்டுகிறவன் போல மட்டையை வீசிவிட்டு வருவான். காரணம் சரிதான். ஆனாலும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கர்ட்டுக்கு நாற்பத்தொரு வயது. வலது முழங்காலில் இரண்டு முறை கத்தி வைத்தாயிற்று. இந்த வருடத்தோடு நிறுத்திவிடுகிறேன் என்று வசந்தகாலத்திலேயே சொல்லிவிட்டான். இன்று லூரன் ஊர்க்காரர்களோடு நடக்கும் ஆட்டத்தில் தோற்றால் பருவம் முடிந்தது. பத்தொன்பது வருடம் ஆடியவன் கடைசி ஆட்டத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா?

"எழுதிட்டியா?"

"ம்."

மீதி மூன்று பெயரையும் சொல்லி முடித்தபோது அவருக்குக் கண் சொருகிவிட்டது.

ஆறு வாரமாக முன்னறையில்தான் கட்டில். கணையத்தில் புற்று. சோபாவைக் கொட்டகையில் போட்டுவிட்டு ஜன்னலோரமாக, ஏற்றி இறக்கும் கட்டிலைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு வாரம் ஓடலாம் என்று வெள்ளிக்கிழமை வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். நோயில் விழுவதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலை அவர் மாதா கோவிலில் வைத்தே முடித்துவிடுவார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, முழங்காலிட்ட ஆட்கள் எப்படி எழுந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுகிறவன் மூன்று நாளாக வைக்கோல் கட்டுத் தூக்கியிருக்கிறான். கண்ணை மூடியபடியே எழுகிறவன் நேற்று பாரில் இருந்தவன். பெண்டாட்டியை விட்டு நாலு இடம் தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கு இன்று பந்து கண்ணுக்குத் தெரியாது. பூசையில் பாதி அவர் காதில் விழுந்ததே இல்லை என்று பாதிரியார் வருத்தப்படுவார். ஆனால் பாதிரியாரும் இரண்டு மணிக்கு மைதானத்தில் இருப்பார்.

மார்லிஸ் அட்டையோடு சமையலறைக்குப் போனாள். ஜன்னல் வழியே கர்ட் தெரிந்தான். சீருடை போட்டுக்கொண்டு, வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலுக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுவான், எழுந்து இரண்டு தடவை மடக்கிப் பார்ப்பான், பிடிக்காது, அவிழ்த்து மறுபடி சுற்றுவான். காலையிலிருந்து நான்கைந்து தடவை ஆகியிருக்கும்.

அவள் டிராயரில் ரப்பர் தேடினாள். ப்ரெட் என்ற பெயரை அழித்தாள். அழித்த இடத்தில் அட்டை லேசாக நார் பிரிந்தது. அதன் மேலேயே கர்ட் என்று எழுதினாள். அப்பா சாயங்காலம் வரை தூங்குவார், நேற்றும் அப்படித்தான் தூங்கினார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் எழுதிய பட்டியலில் இதுவரை ஒருத்தரும் கை வைத்ததில்லை.

கர்ட் உள்ளே வந்து நின்றபடியே பன்றிக்கறி சாண்ட்விச்சைக் கடித்தான்.

"தூங்கறாரா?"

"இப்பதான்."

"நான் இருக்கட்டா மார்லிஸ்? வெர்ன் ஆட்டத்தைப் பாத்துப்பான்."

"நர்ஸ்தான் ஒரு வாரம்னு சொல்லிருக்காளே. போ."

"போன வாரமும் அதேதான் சொன்னா."

"போன்னா போயேன். காலைச் சுத்திச் சுத்தித் துணியே தேஞ்சுபோச்சு."

அவன் சிரித்தான். மூன்றாவது பேஸ் பக்கம் நின்று சைகை காட்டும் வெர்ன்தான் இப்போது அணியைப் பார்த்துக்கொள்கிறவன். அட்டை அவன் கைக்குப் போக வேண்டும். வழியில் பிரித்துப் பார்ப்பது அந்த அணியில் வழக்கமில்லை. கர்ட் அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். முன்னறை வாசலில் ஒரு நிமிடம் நின்று, "போய்ட்டு வரேன் ஸ்கிப்" என்று தூங்குகிறவரிடம் மெதுவாகச் சொன்னான். மைதானத்தில் மேனேஜரை எல்லோரும் கூப்பிடும் பெயர் அது. கர்ட் அவரை வீட்டிலும் வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.

ஒன்றே முக்காலுக்கு ஆம்ப்ரோஸ் கண் விழித்தார்.

"ரேடியோவை வை."

"தூங்குப்பா. அப்புறம் சொல்றேன்."

"ரேடியோவை வைன்னா."

வைத்தாள். வேறு என்ன செய்ய முடியும்? தீவன ஆலை விளம்பரமும் சவப்பெட்டிக் கடை விளம்பரமும் போயின. பிறகு அறிவிப்பாளர் க்ரேபன் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஆம்ப்ரோஸின் ஆள்காட்டி விரல் போர்வையின் மேல் லேசாகத் தட்டியது. ஐந்து முறை தட்டியது.

"ஆறாவது, முதல் பேஸ், நம்ம கர்ட் ஸ்ட்ராண்ட்! பத்தொம்பதாவது வருஷம், சும்மாவா!"

விரல் நின்றது. அவர் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன் போயிட்டானா?"

"போயிட்டான்பா."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு மேலே கூரையைப் பார்த்தார். ரேடியோ லூரன் பட்டியலுக்குப் போயிருந்தது. "அவங்களுக்குப் பந்து எறியறது, வேற யாரு, நெட்டையன் ஹாவிக்தான். வியாழக்கிழமையே சொல்லிட்டாங்க. வலது கை, நல்ல வேகம்..."

வலது கை.

வியாழக்கிழமை வெர்ன் வந்து இதே கட்டிலோரம் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனான். வேறு எதைப் பேசியிருப்பான்? மருந்து மூளையைக் கலக்கிவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தாள். நினைக்கும்போதே காலையில் தன் கையால் எழுதிய வரிகள் கண்முன் வந்தன. முதல் பெயர் இடது பக்கம் அடிப்பவன். மூன்றாவது பெயரும், நான்காவது பெயரும். இடது பக்கம் நிற்கிற எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டிருந்தார். வலது கைக்காரனுக்கு எதிராகப் போடும் பட்டியல் அது, ஸ்கோர் எழுதுகிற யாருக்கும் பார்த்தவுடன் தெரியும். அதில் ஒருத்தனை மட்டும்தான் இடது கையின் பெயரைச் சொல்லி உட்கார வைத்திருந்தார். பெஞ்சில் உட்கார வேண்டியவன் போகாமல் இருந்தாலும் ஆட்டம் நடக்கும். பட்டியலில் பேர் இல்லை என்று அவள் சொல்லிவிட்டால், மாமனார் படுத்த படுக்கையாய்க் கிடக்கும்போது அவன் வீட்டில் இருந்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும்.

முப்பத்தொரு வருடத்தில் அவர் சொன்ன ஒரே பொய்க் காரணம்.

"அப்பா, கர்ட்டை ஏன் உட்கார வச்சே?"

"சொன்னேன்ல. இடது கை."

"ஹாவிக் வலது கைப்பா."

அவர் போர்வையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். "இன்னிக்குத்தான் கடைசின்னு உனக்குத் தெரியுதா?" என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை.

"நான் மைதானத்துக்குப் போன் போடறேன். அவனை வரச் சொல்றேன்."

"வேணாம்." குரல் அந்த ஒரு சொல்லுக்குப் பழைய மேனேஜரின் குரலாக வந்தது. "பேரைப் படிச்சாச்சு. இப்ப வெளிய எடுத்தா திரும்ப உள்ள போட முடியாது. ஆடட்டும்."

"அப்பா..."

"சரி விடு. அப்ப நீயும் நானுந்தான்."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது இன்னிங்ஸில் கர்ட் மட்டையோடு வந்தான், மூன்று பந்திலும் காற்றை அடித்துவிட்டுப் போனான். "காலு திரும்பல" என்றார் ஆம்ப்ரோஸ், கண்ணைத் திறக்காமல். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

மூன்றாவது இன்னிங்ஸ் நடக்கும்போது மூச்சு மாறியது. ஒரு மூச்சு வரும், பிறகு நெடுநேரம் வராது. தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிய ஆரம்பித்தது. முகவாய் நெஞ்சில் போய் அழுந்தியது. சரிந்தால் எப்படித் தூக்குவது என்று நர்ஸ் காட்டிக் கொடுத்திருந்தாள்: ஆளுக்கொரு பக்கம் நின்று, அடியில் விரித்த துணியைச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் மேலே இழுக்க வேண்டும். மார்லிஸ் ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். உடம்பு ஒரு பக்கமாகக் கோணியது. கட்டிலில் ஏறி முழங்காலிட்டு, அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். ஆறு வாரமாகச் சாப்பிடாத மனிதருக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கிப் பார்த்தாள், மூச்சு இன்னும் இறைத்தது, பயந்து திரும்ப ஏற்றினாள்.

வாசலுக்கு ஓடிப்போய்த் தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டில் ஆளில்லை. பக்கத்து வீட்டில் ஆளில்லை. ஒரு வண்டிகூட நிற்கவில்லை. ஊரே மைதானத்தில் இருந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததால் ரேடியோவில் கேட்கிற கூச்சல் கொஞ்சம் முன்னதாகவே தெருவில் கேட்டது. கர்ட்டுக்குப் போட்டாள், ஆட்ட நேரத்தில் அவன் போன் வண்டிக்குள்தான் கிடக்கும்; மைதானத்துப் போனையும் யாரும் எடுக்கவில்லை. நர்ஸ் எடுத்தாள், நாற்பது மைல் தள்ளி இன்னொரு நோயாளியோடு இருக்கிறேன், மாற்று ஆள் வந்ததும் கிளம்புகிறேன் என்றாள்.

மார்லிஸ் திரும்பி வந்து அவர் நெற்றியை உள்ளங்கையால் தாங்கி, முகவாய் நெஞ்சில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். கை மரத்துப்போனது, மாற்றிக்கொண்டாள். "மன்னிச்சுக்கோப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோதுகூட இப்படிப் பயப்படவில்லை. அன்று அப்பா பக்கத்தில் இருந்தார். நான்காவது இன்னிங்ஸில் எப்போதோ அடுத்த மூச்சு வரவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு ரேடியோவை அணைத்துவிட்டு மறுபடி வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். விட்டால் தலை விழுந்துவிடும் என்று விட மனமில்லை.

நர்ஸின் வண்டிக்கு முன்னால் கர்ட்டின் வண்டிதான் வந்தது. ஆணி ஷூவை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, காலுறையோடு வேகமாக உள்ளே வந்தான். சீருடையில் ஒரு பக்கம் முழுக்கப் புழுதி.

"தோத்துட்டோம். அஞ்சுக்கு நாலு. நாலு தடவை அடிக்கப் போனேன், ஒண்ணுமில்ல, ஒரு மண்ணுமில்ல. முகத்தை மூடிக்கிட்டுத்தான் ஊருக்குள்ள வரணும்..." அவன் நிறுத்தினான். மார்லிஸின் கையைப் பார்த்தான், கைக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"எப்ப?"

"நாலாவது இன்னிங்ஸ்ல."

"கேட்டுட்டு இருந்தாரா?"

"நீ முதல் தடவை அடிக்க வந்ததைக் கேட்டாரு."

கர்ட் கட்டிலின் மறுபக்கம் வந்து நின்றான். அழுகிறானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. புழுதி அப்பிய முகம்.

"வெர்ன் அட்டையைச் சுவத்துல குத்தறான், நான் ப்ரெட் பேரைத்தான் தேடறேன். ஆறாவதுல என் பேரு இருக்கு. சாமி சத்தியமா நம்பவே இல்ல. இந்தக் காலை வச்சுக்கிட்டு நானே என்னைப் போட்டிருக்க மாட்டேன் மார்லிஸ்." அவன் மூக்கை உறிஞ்சினான். "அவரு போட்டாரு பாரு. ஒரு வார்த்தை சொல்லணும்னுதான் துணிகூட மாத்தாம ஓடி வந்தேன்."

மார்லிஸ் வாயைத் திறந்தாள். கர்ட் மாமனாரின் தோளில் கை வைத்துக் குனிந்து, "தேங்க்ஸ் ஸ்கிப்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"கர்ட், அந்தப் பக்கம் துணியைச் சுருட்டிப் பிடி. இவரை மேல தூக்கணும். என்னால ஒத்தையா முடியல."

அவன் பிடித்தான். அவள் நெற்றியிலிருந்து கையை எடுத்து இந்தப் பக்கத்துத் துணியைப் பிடித்தாள். மூன்று எண்ணி இருவரும் ஒன்றாக இழுத்தார்கள். ஆம்ப்ரோஸ் ஒரே இழுப்பில் மேலே வந்தார், தலை தலையணையில் போய் நேராக அமர்ந்தது. இரண்டு பேராகத் தூக்கினால் அவர் ஒரு கனமே இல்லை.